அரைக் காது

“நல்ல சினிமாவுக்கு ரெண்டு கண்ணும் ரெண்டு காதும் வேணும். சீரியலுக்கு அரைக் காது போதும்” என்பது அந்த சினிமா விமர்சகரின் கொள்கை.

அறைக்குள் அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, ஹாலிலிருந்து ஒரு பெண்குரல் தழுதழுத்தது.

“இருபது வருஷமா செவுத்துக்கிட்டதான் பேசியிருக்கேன். போதும், நான் கிளம்புறேன்.”

“அரைச்ச மாவையே அரைக்கிறான்! இதுக்கெல்லாமா உக்காந்து அழுவே?” என்று தலை நிமிராமலே மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

கதவு படாரென்று அறையும் சத்தம் கேட்டது.

“சவுண்டு மட்டும் தத்ரூபம்!” என்று சிரித்தார்.

சற்று நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. திறந்தால், டிவியைச் சுமந்தபடி மெக்கானிக்.

“ரிப்பேர் முடிஞ்சுது சார். நாலு நாள் இழுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்க.”

விமர்சகர் திரும்பிப் பார்த்தார். ஹாலில் டிவி மேஜை காலியாக இருந்தது.

“படியில அம்மா பெட்டியோட அழுதுகிட்டே போறாங்களே... டிவி இல்லாத கோவமா சார்?”