வாளியின் பற்கள்

ஆனியின் முதல் சாரல் விழுகிறது. பாலத் தூணுக்கு அடித்தளமாகச் சிற்றாற்று மணலுக்குள் இறக்கும் கிணற்றின் விளிம்பில் பட்டறைக்காரர் காசிம் நிற்கிறார். உள்ளே இருபதடித் தண்ணீர். கிணறு கீழே இறங்குவதற்காக இதுவரை அதன் அடியில் முங்கிக் கையால் மணல் அள்ளிய சங்கரபாண்டி, சீழ் வடியும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருக்கிறான். அவன் அள்ளும் விதத்தைப் பார்த்துப் பார்த்துக் காசிம் செய்த, பல்வைத்த இரண்டு தாடைகளுள்ள இரும்பு வாளி இன்றுதான் முதன்முதலாக உள்ளே போயிருக்கிறது. கப்பி முனகுகிறது. சங்கிலி இழுக்க இழுக்க, இரண்டு தாடைகளும் மணலைக் கவ்வியபடி வாளி தண்ணீர் ஒழுக மேலே வருகிறது. "இனி நீ முங்காண்டாம்லே" என்கிறார் காசிம். சங்கரபாண்டி வாளியின் பற்களைத் தடவி எண்ணுகிறான். வலப்பக்கம் ஐந்து, இடப்பக்கம் நாலு. "இங்கன ஒண்ணு கொறையுதே அண்ணாச்சி." காசிமும் இப்போதுதான் எண்ணுகிறார். "ஒங்கையப் பாத்துத்தானலே வரைஞ்சேன்." சங்கரபாண்டி சுண்டுவிரல் இல்லாத தன் இடக்கையை அந்த நாலு பற்களின்மேல் வைக்கிறான். விரலுக்கொன்றாகச் சரியாக இருக்கிறது.