நத்தையின் கதவு

முருங்கை மரத்தின் அடியில் ஒரு நத்தையும், மேல்கிளையில் அதன் தங்கையும் ஒட்டிக்கொண்டிருந்தன. புயல் வந்ததும் அக்கா கூட்டுக்குள் சுருண்டு, எச்சிலால் வாசலை அடைத்துக்கொண்டது. உள்ளே கதகதப்பாக இருந்தது.

"அக்கா, கிளை முறியும்போல இருக்கு. மழையில கண்ணே தெரியல. ஒரு குரல் கொடேன், அதைப் பிடிச்சே கீழே வந்துடுறேன்."

குரல் கொடுக்கக் கதவை உடைக்க வேண்டும். அப்புறம் மறுபடி எச்சில் ஊறி, மறுபடி அடைக்க வேண்டும். அக்கா தூங்குவதுபோல் இருந்துவிட்டது.

"அக்கா?"

பிறகு மழைச் சத்தம் மட்டும்தான். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வெயில் வந்தது. லேசாகத் தொட்டதுமே கதவு விட்டுக்கொண்டது. அது காயவே இல்லை. தலையை நீட்டிப் பார்த்தால், கிளை இருந்த இடத்தில் வானம்.

"இந்தப் பக்கம் வா தங்கச்சி, இந்தப் பக்கம்" என்று அது இருட்டும்வரை கூப்பிட்டது.