பாட்டே இல்லாத கேசட்

ஃபேக்டரி வாசலில் பெண்கள் முண்டியடித்துக்கொண்டு பஸ் ஏறியபோது, குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி பின்வாசல் வழியாகத் தானும் ஏறிக்கொண்டாள் திலகவதி.

டிரைவர் சீட்டில் இருந்த மணியம் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிய பெண்டாட்டி தன் பஸ்ஸிலேயே திருட்டுத்தனமாக ஏறுவாள் என்று எந்தப் புருஷன் எதிர்பார்ப்பான்?

இன்றைக்குத் தெரிந்துவிடும். அந்தக் கேசட்டை அவனுக்குப் பழக்கிவிட்டவள் யார் என்று.

பஸ் நகர்ந்ததும் அது ஆரம்பித்தது.

பாட்டு என்று சொல்ல முடியாது. பாடுகிறவர் யாருமில்லை. பனிமூட்டத்துக்குள் யாரோ தூரத்தில் மூச்சு விடுவது போல நீளமாக ஓர் ஓசை. அதற்கு அடியில் டும்... டும்... என்று அவசரமில்லாத ஓர் அடி. காதுக்கு வருவதற்கு முன்பே அது சீட்டுக் கம்பியில் ஏறி அவள் உள்ளங்கையைத் தொட்டது.

சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

கல்குவாரியில் வெடி வைக்கிற வேலையை விட்டு இந்த பஸ்ஸுக்கு வந்த நாளிலிருந்து மணியத்துக்குச் சினிமாப் பாட்டு இல்லாமல் வண்டி ஓடாது. டூயட் வந்தால் இரண்டு குரலிலும் அவனே பாடுவான். அப்பேர்ப்பட்டவன், தீபாவளி முடிந்த கையோடு ஒரு பெட்டி கேசட்டையும் தம்பி வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

கேட்டதற்கு, சலித்துப் போச்சு என்றான்.

சலித்தது பாட்டு மட்டும்தானா?

கூப்பிட்டால் திரும்புவதில்லை. வீட்டில் போனைப் பேசச் சொல்லி நீட்டினால் வாங்காமல் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுகிறான். ராத்திரி விளக்கை அணைத்ததும் பேச்சும் அணைந்துவிடுகிறது; சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். பகலில் பேசும்போதும் கண்ணுக்குக் கண் பார்ப்பதில்லை. தப்புச் செய்து மாட்டிக்கொண்டவன் மாதிரி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

போன வாரம் ஜைனுதீனின் கேசட் கடைக்கே போய் விசாரித்துவிட்டாள்.

"எம்பியன்ட் டெக்னோவாம்மா. டூரிஸ்ட் பசங்க கேட்டு வருவாங்க. உங்க வீட்டுக்காரருக்கு நல்ல பாட்டா எத்தனையோ போட்டுக் காட்டினேன். ஸ்பீக்கர் மேல கைய வச்சுக்கிட்டு வேணாம் வேணாம்னுட்டாரு. இதப் போட்டேன், சிரிச்சாரு பாருங்க, சின்னப் பிள்ள மாதிரி."

"கூட யாரு வந்தா, பாய்?"

"தனியாத்தான் வந்தாரு."

வாடிக்கையாளரை எந்தக் கடைக்காரர் காட்டிக்கொடுப்பார்?

அவளுக்குத் தெரிந்து, மணியம் தன்னைப் பார்த்து அப்படிச் சிரித்தே பல மாதம் ஆகிவிட்டது.

பக்கத்துச் சீட்டில் இருந்த பெண் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டிக்கொண்டாள். கழுத்து அட்டையில் பவானேஸ்வரி என்று இருந்தது. சின்னப் பெண், லட்சணமாக இருந்தாள். இவளாக இருக்குமோ?

"இந்தக் கேசட்ட யாரும்மா டிரைவருக்குக் குடுத்தது?"

"யாருக்குத் தெரியும்க்கா. மொதல்ல நாங்க சண்டைதான் போட்டோம், டெக்னோவுக்கு ஆடவா போறோம்னு. ஆனா இது ஆடுற டெக்னோ இல்ல, தூங்குற டெக்னோ. பகல் பூரா சூப்பர்வைசர் கத்துறான், வீட்டுக்குப் போனா மாமியார் கத்துது. இதுல ஒருத்தரும் நமக்கு ஒண்ணும் சொல்றதில்லலா. அதான் சுகம்."

"ஆள் எப்படி? டிரைவரு?"

"மணியண்ணனா? முன்னெல்லாம் நல்லா வாயடிப்பாரு. இப்ப தெனாவெட்டு கூடிப்போச்சு. பெல்ல அமுக்கினா நிறுத்த மாட்டாரு. எழுந்து நின்னு கண்ணாடியில கை காட்டணும், மகாராஜாவுக்கு." கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னவள், அடுத்த டும்முக்குள் தூங்கிப்போனாள்.

திலகவதி சுற்றிலும் பார்த்தாள். எல்லாத் தலைகளும் சாய்ந்திருந்தன. சாயங்கால மழை கண்ணாடியில் வழிந்தது. ஒரு பஸ் நிறையப் பெண்கள், ஒருத்தி கண்கூட அவன் பக்கம் இல்லை.

அப்படியானால் யார்?

எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் நடந்தாள்.

பின்னால் ஒரு மண் லாரி வழி கேட்டு ஹார்ன் அடித்தது. விடாமல் அடித்தது. மணியம் ஒதுங்கவில்லை. கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை.

புக்கிட் காத்தில் என்கிற ஊரின் சந்தியில் சிவப்பு விளக்கு. பஸ் நின்றது. சரியாக அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, மனசுக்குள் ஒரு வாரமாகத் தீட்டி வைத்திருந்ததைக் கேட்டாள்.

"யாரு அவ?"

அவன் திரும்பவில்லை.

இன்னும் உரக்கக் கேட்டாள். அதற்கும் இல்லை.

அப்போதுதான் அவனுடைய இடது கையைப் பார்த்தாள். இன்ஜின் மூடிமேல் இருந்த ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கை படிந்திருந்தது. விரல்கள் அடிக்கு அடி தப்பாமல் தட்டிக்கொண்டிருந்தன. டும். டும்.

கையை நீட்டிக் கேசட்டை நிறுத்தினாள்.

விரல்கள் பாதியில் நின்றன.

மணியம் முதலில் தன் கையைப் பார்த்தான். பிறகு பெட்டியை. பிறகுதான் திரும்பி அவளைப் பார்த்தான். முகத்தில் ரத்தம் இல்லை. பார்வை மெல்ல இறங்கி, வழக்கம்போல் அவள் உதட்டுக்கு வந்து நின்றது.



திலகவதி குரலை வெளியே விடாமல், உதட்டை மட்டும் அசைத்தாள். சாப்பிட்டீங்களா?

"இன்னும் இல்ல," என்றான் மணியம், தேவைக்கு மீறிய சத்தத்தில்.

பின்னால் பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

விளக்கு பச்சையானது. லாரிக்காரன் ஹார்னில் கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தான்.

அவள் அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று, மணியம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.