பெரிய மலை பாஸ்

“சின்ன மலைன்னா வரேன். பெரிய மலைன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, யோஹன்னா ரொட்டியில் வெண்ணெய் தடவ ஆரம்பித்தாள்.

அம்மா உல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிப்ரவரி பள்ளி விடுமுறை வந்தால் லின்ஸ் நகரத்தில் பாதி, பனிச்சறுக்குப் பலகைகளைக் கார் கூரையில் கட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடும். அந்த ஒரு வாரத்துக்காக உல்லி இலையுதிர் காலத்திலிருந்தே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். தங்க வீடு பிடித்தாயிற்று. சின்னவள் ரேசிக்குச் சறுக்குப் பள்ளியில் இடம் வாங்கியாயிற்று. பாக்கி இருந்தது மலையில் ஏற்றிவிடும் லிஃப்டுக்கான பாஸ் மட்டும்தான். அதை எடுக்கத்தான் கணினியைத் திறந்து வைத்திருந்தாள்.

அதில் இரண்டு வகை. ஒன்று, பெரிய மலைக்கு. கம்பியில் தொங்கும் பெட்டி, பள்ளத்தாக்கைத் தாண்டிச் சிகரத்திலேயே கொண்டுபோய் விடும். இன்னொன்று, தங்கப்போகும் ஊருக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்கு. பேர்தான் சின்ன மலை. அங்கே லிஃப்ட் என்பது ஆளைத் தரையோடு தரையாக இழுத்துப் போகிற கயிறு. புதிதாகப் பழகும் பிள்ளைகள் விழுந்து எழுந்திருக்கும் இடம் அது. குடும்பச் சலுகை வேண்டுமென்றால் நாலு பேருக்கும் ஒரே வகைப் பாஸ்தான் எடுக்க வேண்டும். அந்தச் சலுகையும் இன்றோடு முடிகிறது.

உல்லி பிறந்து வளர்ந்தது ஏரிக்கரைச் சமவெளியில். கல்யாணத்துக்குப் பிறகுதான் காலில் பலகையை மாட்டினாள். கொஞ்சம் தேறி வருவதற்குள் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். வருடா வருடம் மற்றவர்கள் மேலே போக, இவள் அடிவாரத்தில் ஈரக் கையுறைகளைக் காயப்போட்டுக்கொண்டு காலம் தள்ளினாள். அந்தச் சிகரத்தில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்பது அவளுக்கு ஆசைகூட இல்லை, வெறி. ரேசியைச் சறுக்குப் பள்ளியில் விட்டுவிடலாம் என்பதால் இந்த வருடம்தான் அதற்கு வழி பிறந்திருந்தது.

வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததோ, பள்ளிச் சறுக்குப் போட்டியில் கோப்பை வாங்கிய பதினாறு வயது மகள்.

“உனக்கு என்னடி பிரச்சினை?”

“பயமா இருக்கும்மா. அந்தப் பெட்டி ஆடறப்போ வயித்தைக் கலக்குது.”

கோடையில் நீச்சல் குளத்தின் உச்சிப் பலகையிலிருந்து தலைகீழாகக் குதித்தவள் பேசுகிற பேச்சா இது என்று உல்லி கேட்டாள். அது வேறு, இது வேறு என்றாள் யோஹன்னா.

உல்லி புருஷனைப் பார்த்தாள். ஹெல்முட் டிரோல் மலைநாட்டில் பிறந்து வளர்ந்தவன். போனால் பெரிய மலை, மேடெல்லாம் பட்டணத்துக்காரர்களுக்கு என்று ஒரு மாதமாக மார்தட்டிக்கொண்டிருந்தவன்.

“எங்கப்பா மலை மீட்புப் படையில இருந்தவர். அடிபட்டவங்களை முதுகுல சுமந்து இறக்கியிருக்கார். அவர் பேத்திக்குப் பெட்டியில ஏற பயமாம். தயவுசெஞ்சு வெளியில சொல்லிடாதீங்க” என்றான் ஹெல்முட். பிறகு பெருமூச்சு விட்டான். “சரி, பிள்ளை பயப்படுது. கட்டாயப்படுத்தாத உல்லி. நான் மேட்டுக்கே வந்துட்டுப் போறேன்.”

சொன்ன கையோடு பலகைகளுக்கு மெழுகு தேய்க்கிறேன் என்று பால்கனிக்குப் போய்விட்டான். போகும்போது சீட்டி வேறு.

போன மாதம் காய்ச்சலோடு கிடந்த மகளைப் போட்டிக்கு எழுப்பி அனுப்பிய மனுஷன் இவன். இன்றைக்கு வந்த கரிசனத்தைப் பார்த்து உல்லிக்கு வயிறு எரிந்தது. அப்பனும் மகளும் சேர்ந்துகொண்டால் இந்த வீட்டில் தன் பேச்சு எடுபடாது என்று தோன்றியது. ஆத்திரம் முழுவதும் மகள் பக்கம் திரும்பியது.

மேட்டுப் பக்கம் யாராவது பையனைப் பார்த்து வைத்திருக்கிறாயா என்று கேட்டாள். அம்மா அடிவாரத்தில் கிடந்தே கிழவியாகட்டும் என்று நினைப்பா என்று கேட்டாள். யோஹன்னா ரொட்டியில் வெண்ணெயைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“உன்ன மாதிரி சுயநலக்காரிய நான் பார்த்ததே இல்ல.”

அதற்குத்தான் யோஹன்னாவின் கண் கலங்கியது. எழுந்துபோய் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“எனக்கு ஒரு பயமும் இல்லம்மா. போன வருஷம் பெட்டி கிளம்பினதும் அப்பா என் கையைப் பிடிச்சாரு. சிகரம் வர்ற வரைக்கும் கண்ணையே திறக்கல. அவர் கையெல்லாம் வேர்த்துக் கொட்டிச்சு. வெளியில தெரியறதையெல்லாம் நான்தான் ஒண்ணொண்ணா சொல்லிக்கிட்டே வந்தேன். கீழ வந்து அதைத்தான் உன்கிட்ட அப்படி வர்ணிச்சாரு.”

உல்லி திரும்பிப் பால்கனிக் கதவைப் பார்த்தாள்.

“பெட்டியை விட்டு இறங்கினதும், நீ பயந்துட்டியேன்னுதான் கையைப் பிடிச்சேன்னாரு. ஆமாம்ப்பா, ரொம்ப பயந்துட்டேன்னு சொல்லிட்டேன்.”

மகளைத் திட்டிய வாயை என்ன செய்வதென்று உல்லிக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன் மேல் கோபம் கோபமாக வந்தது. பாவமாகவும் இருந்தது. கணினித் திரையில் தெரிந்த சிகரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு யோஹன்னாவின் தலையைத் தடவிவிட்டு, போய்ப் பால்கனிக் கதவைத் திறந்தாள்.

“சின்ன மலைக்கே எடுத்துடறேன், ஹெல்முட். யோசிச்சுப் பார்த்தா எனக்கும் அந்தப் பெட்டியை நினைச்சா உதறலாத்தான் இருக்கு.”

ஹெல்முட் மெழுகுக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

“பயந்தாங்கொள்ளிங்களா! உங்க ரெண்டு பேருக்காக நான் என் மலையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கு, பாரு.”