அஞ்சு மணிச் சங்கு

"அஞ்சு மணிக்குச் சங்கு ஊதினா ஆபீஸ் மெயின் ஸ்விட்ச் ஆஃப் ஆகணும். நேத்து மூணு நிமிஷம் லேட். வாட்ச்மேன் வேலை வேணுமா, வேண்டாமா?"

மேனேஜர் மனோகரன் போட்ட கத்தல் தேயிலை எடை போடுகிற இடம்வரை கேட்டது. வாட்ச்மேன் சர்தார் வயதில் பெரியவர். தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போன மழையில் ஒயர் புகைந்ததிலிருந்து மேனேஜர் போட்ட சட்டம் அது. அவர் கையெழுத்தோடு சுவரில் நோட்டீஸே தொங்குகிறது.

அடுத்து கிளார்க் கோகிலவாணி மாட்டினாள். "அந்தப் பழைய லெட்டரை அழிச்சியா?"

"அழிச்சுட்டேனுங்க சார்."

இரண்டு நாளுக்கு முன் இலை அரைக்கும் மெஷினில் தங்கவேலுவின் இரண்டு விரல்கள் போய்விட்டன. அன்று காலையில் பயந்து நடுங்கிய மனோகரன், வேலை வேகமாக நடக்க மெஷினின் மூடியைக் கழற்றச் சொன்னது நானே என்று ஹெட் ஆபீசுக்குக் கடிதம் சொல்ல, கோகிலவாணி டைப் செய்தாள். மத்தியானத்துக்குள் மனுஷனுக்குத் தைரியம் வந்துவிட்டது. அதை அனுப்பாமல், தங்கவேலு குடித்துவிட்டு வந்தான் என்று வேறொன்றை அனுப்பினார்.

தங்கவேலு குடியைத் தொட்டதே இல்லை. குடித்தான் என்று முடிவானால் வேலை போகும். பெண்டாட்டி பிள்ளைகளோடு எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

கோகிலவாணி சொன்னதை மனோகரன் நம்பவில்லை. குன்னூரிலிருந்து கம்ப்யூட்டர் மெக்கானிக் ஸ்டெபினை வரவழைத்திருந்தார். அழித்தால் மட்டும் போதாது என்றான் அவன். மெமரியில் இடம் பத்தாதபோது, டைப் செய்ததில் கொஞ்சத்தைக் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கின் ஒரு மூலையில் இறக்கி வைக்குமாம். ஸ்வாப் ஃபைல் என்று பெயராம். கடிதம் அதில் கிடக்கலாமாம். ஷட் டவுன் ஆகும்போது அதையும் துடைத்துவிடும்படி செட் செய்தான்.

"அரை மணி நேரம் ஆகும் சார். யூ.பி.எஸ். வேற செத்துக் கெடக்கு. நடுவுல கரண்ட் மட்டும் போகக் கூடாது."

"இது எஸ்டேட்டுய்யா. கரண்ட் போனா ஜெனரேட்டர் எடுத்துக்கும்."

மணி நாலே முக்கால். மனோகரன் தன் கையாலேயே ஷட் டவுனை அழுத்தினார். கோகிலவாணியை வீட்டுக்கு விரட்டினார். ஸ்டெபினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு குன்னூருக்கு இறங்கிவிட்டார்.

மறுநாள் ஆபீஸ் திறக்கும் நேரத்துக்கு லேபர் ஆபீஸ் அதிகாரி அம்மா வந்து நின்றார். யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். கோகிலவாணி தலை நிமிரவே இல்லை. மனோகரன் சிரித்த முகமாக டீ கொடுத்து, ஆன் செய்யாத கம்ப்யூட்டரை அப்படியே அவர் வண்டியில் ஏற்றிவிட்டார்.

பத்தாம் நாள் அதே ஆபீசில் விசாரணை. கையில் கட்டோடு தங்கவேலு வந்து நின்றான். மனோகரன் அவன் காதருகே போய், "சாமானெல்லாம் கட்டியாச்சா?" என்று கேட்டார். அவன் கண் கலங்கிப் போனான்.

அதிகாரி ஒரு தாளை எடுத்து வாசித்தார்: "மெஷினின் மூடியைக் கழற்றச் சொன்னது நானே." ஸ்வாப் ஃபைல் பாதிதான் துடைக்கப்பட்டிருந்தது என்றும், மிச்சத்தில் இந்தக் கடிதம் வரி தவறாமல் கிடந்தது என்றும் சொன்னார்.

அந்தக் குளிரிலும் மனோகரனுக்கு வியர்த்தது. "அது எப்படி? முழுசா அழிச்சிருக்கணுமே" என்று உளறினார். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, அதையும் எழுதிக்கொண்டார். மனோகரனுக்கு வந்த ஆத்திரத்தில் இடம் பொருள் தெரியவில்லை.

"எவன்டா நடுவுல கரண்ட்டைப் புடுங்குனது?"

கதவோரம் நின்ற சர்தார் மரியாதையாக முன்னால் வந்தார்.

"நானுங்க சார். அன்னிக்கு ஒரு நிமிஷம்கூட லேட் இல்லீங்க."