பெயர் சுரண்டிய இன்ஹேலர்

“மொதல்ல நீங்க இழுங்க சார்.” கோச்சிடம் அப்படியெல்லாம் பேசவே கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். பழவேற்காடு டச்சுக் கல்லறை மதிலை ஒட்டிய சைக்கிள் பந்தயப் பந்தலில், வீரராகவன் சார் நீட்டும் இன்ஹேலரில் மருந்தின் பெயர் நகத்தால் சுரண்டப்பட்டிருக்கிறது. “இன்னாம்மா, டிகிரி வாங்கினதும் டாக்டரம்மா ஆயிட்டியா? பெரிய சைக்கிள் வீரருங்க எல்லாம் இழுக்கிறதுதான்.” “இப்பதானே மெஷின்ல ஊதவச்சுப் பாத்து, நுரையீரல் சூப்பரா இருக்குனு சொன்னீங்க? ஆஸ்துமா இல்லாதவளுக்கு எதுக்கு சார் இது?” அவர் அதைக் குலுக்குகிறார், தன் வாயருகே கொண்டுபோகவில்லை. ஏற்கெனவே இழுத்துவிட்ட, என்னோடு பந்தயம் ஓட்டும் எலிசபெத் அக்கா நடுங்கும் விரல்களைக் கையுறைக்குள் திணிக்கிறாள். கவிழ்த்து வைத்த சைக்கிள்களின் சக்கரங்கள் ஏரிக்காற்றில் மெல்லச் சுற்றுகின்றன. “இழுக்கலைன்னா ஸ்டேட் டீம்ல நீ இல்ல.” “குடுங்க” என்கிறேன். அவர் முகம் தெளிகிறது. வாங்கியதை ஜெர்சிப் பையில் போட்டுக்கொண்டு, பந்தலைவிட்டு வெளியேறி, ஊக்கமருந்து சோதனை அதிகாரிகளின் வேனை நோக்கி நடக்கிறேன்.