அழுகை ஓவர்

முகத்தைப் பார்த்தே மனதைப் படித்துவிடுவார் என்று பேர் வாங்கிய மருத்துவ உளவியல் பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எதிரே அவருடைய முதுகலை மாணவி.

"ராத்திரியில தூக்கமே இல்ல சார். சாப்பாடு இறங்கல. சும்மா சும்மா அழுகை வருது..." சொல்லும்போதே உடைந்து அழுதாள்.

"நிறுத்தும்மா. குரல் நடுக்கம் பிரமாதம். ஆனா அழுகை ஓவர். நிஜ நோயாளி இப்படியா அழுவான்? நாலு மார்க் போச்சு."

"சார்..."

"குறுக்க பேசாத. மனச்சோர்வுன்னா கண்ணுல ஒரு வெறுமை வேணும். உன்கிட்ட அது சுத்தமா இல்ல."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நோயாளியா நடிச்சுக் காட்டுற பரீட்சை நாளைக்குத்தான் சார். இன்னைக்கு நான் நிஜமாவே முடியாமத்தான் உங்ககிட்ட உதவி கேட்டு வந்தேன்."

மேதை அசரவில்லை.

"அட, நல்லதாப் போச்சு! நான் சொன்ன தப்பையெல்லாம் திருத்திக்கிட்டு நாளைக்கு வா. முழு மார்க் போடறேன்."